கணக்கில் வராத அரை மணி

வெர்னா நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருப்பாள். அது அவள் பிழைப்பு. ராத்திரி தூங்கினீர்களா, வலி எங்கே, மூச்சு வாங்குகிறதா, வெளிக்குப் போனீர்களா என்று வார்டில் பத்துப் பதினைந்து பேரிடம் தினமும் கேட்பாள். அதையெல்லாம் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் அவளைவிடக் கொடுத்து வைத்தவள் அந்த ஏரிக்கரை ஊரிலேயே கிடையாது. ஆனால் அது பேச்சா? தன்னைப் பற்றி ஒரு வார்த்தை, சும்மா ஒரு கிண்டல், நேற்று விழுந்த பனியைப் பற்றி ஒரு புலம்பல், இதற்கெல்லாம் அவளுக்கு இருந்தது ஒரே ஆள்தான். டாக்டர் கெஸ்டி.

புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் டெக்சாஸில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காரை ஓட்டிக்கொண்டே கூப்பிடுவான். வீட்டு வாசல் வந்ததும் வைத்துவிடுவான். அம்மாவுக்குக் கிடைப்பது அவன் கடைக்குப் போய் வரும் தூரம்தான். வெர்னா அதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டாமா?

கெஸ்டி அந்த ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர். நெடுநெடுவென்று உயரம், சிரிக்காத முகம். பெண்டாட்டி விட்டுப் போய், இப்போது காது கேளாத ஒரு நாயோடு குடித்தனம். வெர்னா நர்ஸ் பிராக்டிஷனர். டாக்டர் இல்லை, ஆனால் நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதுகிற அதிகாரம் உண்டு. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வார்டைச் சுற்றுவார்கள். காலையில் கீழே காப்பிக் கடையில் சந்திப்பு. கெஸ்டி ஒரு ஏலக்காய் ரொட்டி வாங்கிப் பாதியைப் பிட்டு அவளிடம் நீட்டுவார். பிறகு ஒவ்வொரு அறையாக இரண்டு பேரும் சேர்ந்தே நுழைவார்கள். அவள் பேசுவாள், அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார். வெளியே வந்து அடுத்த அறைக்கு நடக்கும் அந்தப் பத்தடியில் அவர் எதையாவது சொல்லி வைப்பார்.

"ராத்திரி இங்க போட்ட டியூனா ஹாட்டிஷை, அந்த மீன் களியை, முழுசாத் தின்னிருக்கார். தின்னுட்டும் உசுரோட இருக்கார். வீட்டுக்கு அனுப்பிடலாம்."

முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. அவள்தான் அடுத்த அறை வாசலில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போக வேண்டியிருக்கும். அந்தப் பத்தடிக்காகத்தான் அவள் காலையில் எழுந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

அதைக் கெடுத்துக்கொண்டதும் அவளேதான்.

ஒரு நோயாளியை ஒரே நாளில் டாக்டரும் நர்ஸ் பிராக்டிஷனரும் பார்த்தால் பில் யார் பெயரில் போவது என்று ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் கறாராக ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். யார் பாதிக்கு மேல் நேரம் செலவழித்தார்களோ அவர் பெயரில் போகும். டாக்டர் பெயரில் போனால் முழுத்தொகை, இவள் பெயரில் போனால் கொஞ்சம் கம்மி. ஆகவே ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் என்று குறிப்பில் எழுத வேண்டும். கெஸ்டிக்கு இந்த மாதிரி விஷயம் என்றாலே வேப்பங்காய்.

"நீயே ரெண்டு பேருக்கும் போட்டுடு," என்றார்.

அவளும் போட்டாள். இருவரும் இருபது நிமிடம் ஓர் அறையில் இருந்தால், டாக்டர் இருபது, நான் இருபது என்று எழுதினாள். கம்ப்யூட்டர் சமர்த்தாகக் கூட்டி நாற்பது என்றது; சரிபாதி என்பதால் டாக்டர் பெயரிலேயே போட்டது. நேரம் கூடினால் தொகையும் கூடும்; இரண்டு மாதத்துக்குப் பில்லெல்லாம் ஒரு படி உயர்ந்து போனது. அவள் ஏமாற்ற நினைத்தாளா என்றால், ஐயோ பாவம், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தால் எங்கேயோ போயிருப்பாள். நின்றது இரண்டு பேர், வலித்தது நாலு கால். அவள் மனசில் அதுதான் கணக்கு.

பில்லிங் ஆபீஸ் டார்சிதான் கண்டுபிடித்தாள். சின்ன வயசுக்காரி, நல்ல பெண். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள இருந்தா அதை ஒரு தடவைதான் எண்ணணும், வெர்னா. யாராவது ஒருத்தர் கணக்குலதான் போடலாம்."

"ஆனா ரெண்டு பேரும் இருந்தோமே, கண்ணு."

"இருந்தீங்க. நான் இல்லேங்கலையே. ரெண்டு பேரும் தனித்தனியா பாத்திருந்தா கூட்டலாம். சேர்ந்து இருந்தா ஒருத்தர் நேரம் கணக்குல வராது. அவ்வளவுதான் விஷயம்."

வெர்னாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இரண்டு மாதமும் தப்பான பில் போனது கெஸ்டியின் பெயரில். முப்பது வருஷத்தில் ஒரு குறைச்சொல் கேட்காத மனுஷன். டார்சி எல்லாவற்றையும் திருத்தி அனுப்பிவிட்டதாகவும், தெரியாமல் நடந்தது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டதாகவும், கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம்.

"இனிமே தனித்தனியாவே போயிடுங்களேன். காலைல வெர்னா பாக்கட்டும், மத்தியானத்துக்கு மேல நீங்க பாருங்க டாக்டர். யாரோட நேரமும் வீணாகாது, குழப்பமும் வராது. உங்களுக்குச் சம்மதம்தானே?"

வெர்னா தலையைத் தூக்கவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. கெஸ்டி ஜன்னல் வழியே உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

பதினோரு வருஷத்துக்கு ஒரு சரி. கோபம்தான், வேறென்ன இருக்கும் என்று அவள் முடிவுகட்டினாள். நியாயமான கோபம். அதனால் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை.

மறு வாரத்திலிருந்து அவள் காலையில் தனியாகச் சுற்றினாள். அவர் மத்தியானம் வரும்போது அவள் ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குறிப்பு எழுதிக்கொண்டிருப்பாள்; அவர் வார்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவள் எழுதியதற்குக் கீழே அவர் எழுதியது இருக்கும். 'மேற்கண்டதை ஒப்புக்கொள்கிறேன். 12 நிமிடம்.' அந்த மனுஷனோடு அவளுக்கு இருந்த பேச்சுவார்த்தை இப்போது இவ்வளவுதான். பில்லெல்லாம் ரொம்பச் சுத்தமாகப் போனது. டார்சி அவளைப் பார்க்கும்போதெல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

காப்பிக் கடையில் ரொட்டியை அவளே வாங்கினாள். பாதியைத் தின்பாள். மீதிப் பாதி இறங்காது, குப்பையில் போடுவாள். முழுசாகத் தின்னத் தெரியாமல் போய்விட்டது அவளுக்கு. அறைக்கும் அறைக்கும் நடுவே அந்தப் பத்தடியை இப்போது விறுவிறுவென்று கடந்தாள். அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிவியைப் போடுவாள். பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று. அழுகை வந்தால் அழுதாள். அதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

வார்டின் கடைசி அறையில் ஆர்வோ என்று ஒரு கிழவர் இருந்தார். இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். இருதயம் மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போவார், பத்து நாளில் திரும்பி வருவார். நாக்கு மட்டும் திடமாக இருந்தது. டாக்டரும் வெர்னாவும் ஜோடியாக நுழையும்போதெல்லாம் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்ப்பார். "கோர்ட்டு வந்துடுச்சு, எல்லாரும் எழுந்திருங்க" என்பார். அறையில் அவரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது அவள் மட்டும் போனபோது கதவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயீ, இன்னைக்கும் அரைக் கோர்ட்டுதானா?"

"மீதி மத்தியானம் வரும்."

"சண்டையா?"

"அதெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரி ஏற்பாடு. சேர்ந்து வந்தா ஒருத்தர் நேரம் வீணாம்."

ஆர்வோ யோசித்தார். "கப்பல்ல நான் சமைக்கும்போது ஒருத்தன் வந்து பக்கத்துல சும்மா உக்காந்திருப்பான். அவன் நேரத்தை எங்க போய் எழுதறது?"

வெர்னா ரத்த அழுத்தம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தாள்.

சில நாள் கழித்து, அவளே எதிர்பாராத ஒன்றைக் கிழவர் போட்டு உடைத்தார். அவள் அவர் காலைத் தொட்டு வீக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள் தினமும் கேக்கறார் தெரியுமா? 'வெர்னா என்ன சொன்னா'ன்னு."

"மருந்தைப் பத்திக் கேட்டிருப்பார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீர் பிரியற மாத்திரையைக் கூட்டியிருக்காங்கன்னேன். 'அது கம்ப்யூட்டர்ல இருக்கு, வேற என்ன சொன்னா'ங்கறார். நீ உன் கார் பனியில மாட்டிக்கிட்ட கதையைச் சொன்னியே, அதை அப்படியே ஒப்பிச்சேன். முழுசாக் கேட்டுட்டுத்தான் எழுந்தார். இன்னொண்ணு. ஏதோ ரொட்டி கொண்டுவந்து பாதியைத் தின்னுட்டு மீதியைப் பேப்பர்ல சுத்தி ஜன்னல்ல வச்சுட்டுப் போறார். எனக்கோ சர்க்கரை. யாருக்கு அது?"

"ஜன்னல்ல ஒண்ணும் இல்லையே."

"கூட்டறவங்க ராத்திரியே எடுத்துப் போட்டுடறாங்க."

வெர்னா அவர் காலை மெல்லக் கீழே வைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் கோபம்தான் வந்தது, நம்புங்கள். இவ்வளவு இருக்கிற மனுஷன் அன்றைக்கு ஒரு வாய் வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஆனால் மத்தியானம் அவள் மட்டும் என்ன செய்தாள்? கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாளா? அவர் குரல் தாழ்வாரத்தில் கேட்டது. கை கீபோர்டிலேயே இருந்தது. போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, அவர் இன்னொரு 'சரி' சொல்லிவிட்டால் அதைத் தாங்க முடியாது என்று பயந்தாள். அந்தப் பயம் பொல்லாதது.

அந்த மாதக் கடைசியில் ஆர்வோ ரொம்பத் தளர்ந்துவிட்டார். ஒரு காலையில் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முழுக் கோர்ட்டு வேணும். ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு தடவை சொல்ற தெம்பு இல்லை."

என்ன விஷயம் என்று அவளுக்குத் தெரியும். வெளியே வந்து போனில் கெஸ்டியைக் கூப்பிட்டாள். இத்தனை வாரத்தில் முதல் தடவை.

"டாக்டர், ஆர்வோ நம்ம ரெண்டு பேரையும் சேர்ந்து வரச் சொல்றார்."

அந்தப் பக்கம் நாய் நகம் தரையில் உரசுவது கேட்டது.

"வரேன்."

வேலை நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். தலை வாரியிருக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே நுழைந்தபோது ஆர்வோ எழுந்திருக்கப் பார்க்கவில்லை; ஒரு விரலை மட்டும் தூக்கினார். போதும் என்றார். இனி ஊசி வேண்டாம், திரும்பித் திரும்பி இங்கே வரவும் வேண்டாம். ஏரி தெரிகிற தன் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுவிட்டால் போதும். வெர்னா எல்லாவற்றையும் பேசினாள்: வீட்டுக்கு வரும் நர்ஸ், வலிக்கு மருந்து, மூச்சு திணறினால் என்ன செய்வது, ஒரிகானில் இருக்கும் அண்ணன் மகளுக்கு யார் சொல்வது. கெஸ்டி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

வெளியே வந்து அந்தப் பத்தடியில் நின்றார்கள்.

"நேரம் யார் எழுதறது?" என்றாள் வெர்னா. வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"நீ எழுது. பேசினது நீதானே."

"உங்களுக்கு?"

"நான் கூட இருந்தேன். அதை மட்டும் போடு. நிமிஷம் வேண்டாம்."

"பயப்படாதீங்க. இந்தத் தடவை ரெண்டா எழுத மாட்டேன்."

கெஸ்டி அவளைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கா நீ என் மூஞ்சிலயே முழிக்காம இருக்கே?"

"உங்க பேரைக் கெடுத்திருக்கேனே."

"என் பேர்ல என்ன இருக்கு. கூப்பிட்டா என் நாயே திரும்பாது." ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "டார்சி கேட்டப்ப நீ என் பக்கமே பாக்கலை. இந்தக் கிழவனோட சுத்திச் சுத்தி அலுத்துப் போச்சு போலன்னு நினைச்சேன். உன் பேர்லயும் பில் போகணும்னு உனக்கு ஆசை இருக்கும்னு."

"அப்ப ஏன் சரின்னீங்க?"

"நான் எல்லாத்துக்கும் சரிதான் சொல்வேன். பதினோரு வருஷமாப் பாக்கறே. எந்தச் சரி எதுக்குன்னு உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் இடுப்பில் இருந்த போன் அலறியது. அவசரப் பிரிவில் யாருக்கோ நெஞ்சுவலி. அவர் போய்விட்டார்.

ஏற்பாடு மாறிவிடவில்லை. ஓர் ஆஸ்பத்திரியின் நேர அட்டவணையை இரண்டு பேர் தாழ்வாரத்தில் நின்று பேசி மாற்றிவிட முடியுமா என்ன? மறுநாள் காலையில் வெர்னா காப்பிக் கடையில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். அவருக்கு மத்தியானம்தான் வேலை, தெரியும். இருந்தும் கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு மேலே போனாள். கம்ப்யூட்டரில் மேற்கண்டதை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. ஆர்வோவின் படுக்கையில் புது விரிப்பு. அவரை ஆம்புலன்ஸில் வீட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், ஆர்வோ தூக்கத்திலேயே போய்விட்டார் என்று வீட்டு நர்ஸ் போன் செய்தாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாராம். வெர்னா நன்றி சொல்லி வைத்தாள். மற்ற அறைகளையும் பார்த்து முடித்தாள். அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலம் கோட்டை மாட்டிக்கொண்டு, காரில் ஏறி, வண்டியைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. இனிமேல் வெர்னா என்ன சொன்னாள் என்று அந்த மனுஷன் யாரிடம் கேட்பார்? அவள் கதையைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்க்க ஒரு கிழவர் இருந்தார். அவரும் இல்லை. இப்போது நான் போகவில்லை என்றால் எப்போதும் போகப் போவதில்லை என்று வாய்விட்டே சொன்னாள். வண்டியை அணைத்தாள்.

கெஸ்டி கடைசி அறையில் இருந்தார். ஆர்வோ கிடந்த அதே கட்டிலில் இப்போது ஓபல் என்று ஒரு வயதான அம்மாள், நிமோனியா. கெஸ்டி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னா வாசலில் நின்றாள். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டியது.

அவர் காதிலிருந்து குழாயை எடுத்தார். "உன் வேலை முடிஞ்சிருக்குமே."

"முடிஞ்சிடுச்சு. ஆர்வோ போயிட்டார்."

"தெரியும். சொன்னாங்க."

"உள்ள வரலாமா?"

"இது என்னோட நேரமாத்தான் எழுத முடியும். நீ இருந்தா உன் நேரம் கணக்குல வராது."

"வர வேண்டாம்," என்றாள் வெர்னா. "எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கலை டாக்டர். காலையிலேர்ந்து யாரோடயும் பேசலை. நிறைய நாளாவே பேசலை."

கெஸ்டி எழுந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"இவங்க யாரு?" என்றாள் ஓபல் அம்மாள். இருமலுக்கு நடுவே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவங்களும் டாக்டரா?"

"இவங்களா? கோர்ட்டோட மறுபாதி," என்றார் கெஸ்டி. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவர் வெள்ளைக் கோட்டுப் பையில் கையை விட்டு, பேப்பரில் சுற்றிய பாதி ரொட்டியை எடுத்து வெர்னாவிடம் நீட்டினார். காய்ந்து கல்லாகியிருந்தது. அவள் தின்றாள். அவர் மறுபடி குனிந்து அந்த அம்மாளின் முதுகில் குழாயை வைத்தார். வெர்னா பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி இருட்டிக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

மறுநாள் அந்தக் குறிப்பை டார்சி சரிபார்த்தாள். டாக்டர் கெஸ்டி, முப்பது நிமிடம். அதில் ஒரு தப்பும் இல்லை. வெர்னா அந்த அறையில் இருந்தாள் என்பதற்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை.